பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்

நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதை, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கண்டுபிடித்துவிட்டேன். அதை நீங்கள் கண்டுபிடிக்க நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் என்னைப் பார்த்தால் எழுந்து நின்றீர்கள். என் இருபத்தெட்டு வருட சர்வீஸில் அதைத்தான் பொற்காலம் என்று சொல்ல வேண்டும்.

ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, நம் இன்டர்நெட் கம்பெனியின் அஸ்தம்பட்டி ஆபீஸ் மாடியில் எனக்கு மாலை போட்டு மைக்கைக் கொடுத்தீர்கள். நான் இரண்டு துணுக்கு சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சிரிக்கவைத்துவிட்டு நழுவுவது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் ஒருமுறை ஓர் அறை நிறைய முட்டைகளையும் ஒரு பெண்ணின் வேலையையும் கிட்டத்தட்டக் காவு வாங்கியது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில், மோடம் வேகத்தை மாற்றிக் கணக்குப் போடுவதில் நான் எப்படி நிபுணன் ஆனேன் என்பது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இன்டர்நெட் டெலிபோன் வயர் வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வரும். அம்மாபேட்டையில் சேலை டிசைன் போடும் கடை ஒன்றுக்கு மோடம் மாட்டப் போயிருந்தேன். ஒரு டிசைன் படத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், எவ்வளவு நேரமாகும் என்று கடைக்காரர் கேட்டார். மோடத்தின் மேல் 33.6 என்று அச்சிட்டிருந்தது. படத்தின் அளவை அதால் வகுத்தேன். இரண்டே நிமிஷம் என்றேன். பதினெட்டாவது நிமிஷத்தில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. அறுந்த இழையை முடிச்சுப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும், என் மோடத்துக்குத் தெரியாது. கடைக்காரர் எனக்கு மூன்று டீ வாங்கிக் கொடுத்தார். நான்காவது முறை டீக்குச் சொன்னபோது அவருக்கு மட்டும் சொன்னார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் என் சீனியர் ஒருவர் கணக்கைத் திருத்தினார். "மோடத்து மேல போட்டிருக்கறது பிட்டு. படம் இருக்கறது பைட்டுல. பத்தால வகு."

எட்டு பிட் சேர்ந்தால்தானே ஒரு பைட், எட்டால்தானே வகுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"சரக்கு எட்டுதான். முன்னால டிரைவர் ஒருத்தன், பின்னால கிளீனர் ஒருத்தன் ஏறமாட்டானா?"

லாரிகளின் ஊரான நாமக்கல் பக்கம் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'இதோ வருகிறேன்' என்று சொல்ல ஒரு பிட், பின்னால் 'முடிந்தது' என்று சொல்ல ஒரு பிட். ஆக, 1200 வேகம் என்றால் நொடிக்கு நூற்றிருபது எழுத்து. 9600 என்றால் தொள்ளாயிரத்து அறுபது. அன்றிலிருந்து ஆபீஸில் யாராவது கிலோபிட்டைக் கிலோபைட் என்று சொன்னால் மூன்றாவது மேஜையிலிருந்து என் செருமல் கேட்கும். புத்தகம் படிக்கிறவன் வேறு. விளக்கமும் கூடவே வரும். என்னைக் கண்டால் ஆட்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து புது மென்பொருள் வந்தது. நம்முடைய எல்லா லைன்களையும் அதில் ஏற்ற வேண்டும், வேகம் மொத்தமும் எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை பத்து லட்சம் பிட் என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்றார்கள். புது லைன்களில் சிக்கல் இல்லை. பழைய மோடம் லைன்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றி எழுத ஆள் தேடியபோது எல்லோரும் மூன்றாவது மேஜையைக் கை காட்டினார்கள்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். பக்கத்தில் பிரியா, இப்போது உங்களுக்கு டீம் லீடராக இருக்கிறவர். நான் கணக்குச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். 56 கிலோபிட் 0.06 ஆனது. 9600 என்பது 0.01 ஆனது. 1200-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.0012 வரும். அந்தக் கட்டம் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களுக்கு மேல் வாங்காது. பிரியா தட்டியதும் அது 0.00 என்று சுருங்கிக்கொண்டது.

"சார், இது ஜீரோவாயிருச்சு" என்றார்.

"நம்ம சேவை மாதிரிதான் அம்மிணி. இருக்கு, கணக்குல வராது" என்றேன்.

பிரியா சிரித்தார். பின் வரிசையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அந்த வரியின் வேலை முடிந்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவு வந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மென்பொருள் தானாகவே ஒரு பட்டியல் எடுத்தது. 'இயங்காத இணைப்புகள்: நான்கு. துண்டிக்க ஒப்புதல் தேவை.' நான்கிலும் வேகம் 0.00. கீழே என் கையெழுத்துக்கு இடம். நானே சொல்லி, நானே சிரிக்கவைத்த பூஜ்யம் அது. ஆனால் அச்சில் பார்க்கும்போது எனக்கும் அது பூஜ்யமாகத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை நான்கு லைன்களின் வயரையும், எல்லா லைன்களும் வந்து சேரும் பேனலிலிருந்து பிடுங்கினார்கள்.

மூன்று உண்மையிலேயே செத்த லைன்கள். நான்காவது, நாமக்கல்லுக்கு அப்பால் ஒரு ஹேச்சரிக்குப் போவது.

ஹேச்சரி என்றால் தெரியும்தானே, முட்டையை அடுக்கி இருபத்தொரு நாள் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் இடம். முதலில் நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். நாள் ஆக ஆக உள்ளே குஞ்சு வளர்ந்து முட்டையே சூட்டைக் கக்கும். அப்போது நாம் காற்றடித்து ஆற்ற வேண்டும். காற்றாடி நின்றால் அறை கொதித்துக் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே போய்விடும். சூடு எல்லை மீறினால் ஒரு வரிச் செய்தி அனுப்பும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. செய்தி நம் ஆபீஸ் இயந்திரத்துக்கு வரும், இயந்திரம் உடனே ஹேச்சரி ஆட்கள் மூன்று பேருடைய போனுக்கு அடிக்கும். நாலாபுறமும் தகரத்துக்குள் பஞ்சு வைத்து அடைத்த அறை, செல்போன் சிக்னல் உள்ளே எட்டாது. அதனால்தான் பழைய வயரும் 1200 மோடமும் அங்கே உயிரோடு இருந்தன. ஆபத்து வந்தால்தான் அந்த லைன் பேசும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஊமை. அதனால் பயன்பாட்டுக் கணக்கிலும் பூஜ்யம்தான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு என் மேஜை போன் அடித்தது.

"ஏனுங்க, லைன் ஆபீஸுங்களா? நா ஹேச்சரியில இருந்து பூங்கொடி பேசறனுங்க. பொட்டியில பச்ச வெளக்குப் போயி செவப்பு எரியுதுங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"முந்தாநாத்துல இருந்துங்க. நேத்தே கூப்ட்டனுங்க, ஆரும் எடுக்கல. இன்னிக்குக் கரண்டு நிறுத்தற நாளு வேற. ஜெனரேட்டர்லதான் ஓட்டறோம். ரெண்டாம் ரூமு முட்டைக்கு இன்னிக்குப் பதினாறாம் நாளுங்க. அதுதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

"செக் பண்றேங்க" என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்களும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள். நான் சொல்லித்தரவில்லை, ஆபீஸ் சுவரே சொல்லித்தரும். போனை மரியாதையாக வைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

செக்கும் செய்தேன், பொய் சொல்லக் கூடாது. மென்பொருளில் ஹேச்சரி என்று தேடினேன். அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்றது. வேறு கம்பெனிக்காரன் லைனாக இருக்கும், பாவம் அந்தம்மா நம்பர் மாற்றி அடித்திருக்கிறார் என்று முடிவுகட்டி டீ குடிக்கப் போனேன். திரையில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று நம்புவதற்கு வயது ஒரு தடையில்லை. நீங்கள் மட்டும்தான் அப்படி என்று பெரியவர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

டீ பாதியில் இருக்கும்போதுதான் உறைத்தது. நம்முடைய இப்போதைய பெட்டிகளில் ஐந்து விளக்குகள் உண்டு, ஒன்றும் சிவப்பு கிடையாது. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டே விளக்கு வைத்த பெட்டி நம் கணக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அதை மாட்டியவன் நான். 1200.

திரும்பி வந்து, பூங்கொடி அழைத்த எண்ணுக்கு அடித்தேன். ஹேச்சரி ஆபீஸ் அறை போன் அது. அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியின் செல் நம்பர் வேண்டும். லைனை நீக்கியபோது அந்த வரிசையே போய்விட்டது, நம்பர்களும் அதோடு போயின. மூன்று பேருடைய நம்பரும் மிச்சம் இருந்த ஒரே இடம் பேனல் அறையில் இருக்கும் பழைய இயந்திரத்தின் வயிறு. அது தானாக அடிக்குமே தவிர, நமக்கு நம்பரைச் சொல்லாது. ஆக அந்தப் பெண்ணை எட்ட ஒரே வழி, பிடுங்கிய வயரைத் திரும்பச் சொருகுவது.

"டிக்கெட் போடாம பேனலைத் தொடக் கூடாது சார்" என்றார் பிரியா. அவர் சொன்னது விதி. துண்டித்த லைனைத் திரும்பக் கொடுக்க மென்பொருளில் டிக்கெட் என்கிற கோரிக்கை போட்டு, ஒப்புதல் வர இரண்டு நாள். மேனேஜர் சென்னையில் ஒரு மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை.

அந்த இடத்தில் நான் வீரமாக எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. உட்கார்ந்து டிக்கெட் போட ஆரம்பித்தேன். ஒன்றுமே ஆகாத லைனுக்காக விதியை மீறி மெமோ வாங்கினால் எப்படி இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. வாடிக்கையாளர் பெயர், ஊர், காரணம் என்று மூன்று கட்டங்களை நிரப்பினேன். நான்காவது கட்டம் லைனின் வேகத்தைக் கேட்டது. 1200 என்று தட்டினேன். எம்பிபிஎஸ்ஸில் மட்டும் எழுதவும் என்றது. 0.0012 என்று தட்டினேன். 0.00 என்று காட்டி, பூஜ்ய வேக லைனுக்கு டிக்கெட் போட முடியாது என்றது.

இந்தக் கட்டத்தில்தான் நான் ஒரு துணுக்கு சொன்னேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரியாவுக்கும் வந்திருக்க வேண்டும். மேஜை இழுப்பறையைத் திறந்து பேனல் அறைச் சாவியை என் பக்கம் நகர்த்தினார்.

எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று எனக்கு மறக்கவில்லை. சொருகினேன். பழைய மோடம் இரண்டு முறை இருமி, கீச்சிட்டு, அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நான் கையை எடுப்பதற்குள் இயந்திரத்தின் சின்னத் திரையில் வரி விழுந்தது. ஆங்கிலத்தில் ROOM 2 TEMP HIGH, அதாவது இரண்டாம் அறை, சூடு அதிகம். இடைவெளி உட்பட மொத்தம் பதினாறு எழுத்து. 1200 வேகத்தில் அது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை அதையே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நிமிஷமாக என்பதை அது சொல்லாது.

இயந்திரம் மூன்று நம்பர்களுக்கும் அடிக்க ஆரம்பித்தது. எனக்கும் பிரியாவுக்கும் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. ஹேச்சரி போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து யாரோ ஓர் ஆள் எடுத்தார். காற்றாடி நின்றுபோயிருந்தது. பூங்கொடி வளாகத்தின் மறுகோடியில் பொரித்த குஞ்சுகளைச் சேவல், பெட்டை என்று பிரிக்கும் கொட்டகையில் இருந்திருக்கிறார். செல்போன் அடித்ததும் ஓடி வந்து, கதவையெல்லாம் திறந்துவிட்டு, முட்டை வண்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியிருக்கிறார். மேல் தட்டு முட்டைகள் போய்விட்டன. கீழே இருந்ததெல்லாம் பிழைக்கும் போலிருக்கிறது என்றார் அந்த ஆள்.

சாயங்காலம் மேனேஜர் போனில் வந்தார். தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டால் போதும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அன்றே கடிதத்தை எழுதி முடித்தேன். நன்றாக வந்திருந்தது. அதில் தவறு இருந்தது, தவறு செய்தவன் இல்லை. படித்த பிறகு அதை அனுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்ட பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹேச்சரி முதலாளி தங்கராசு. முந்தைய நாள் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தவர், பந்தியிலிருந்து எழுந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், பிறகுதான் கோபப்பட்டார். எங்கள் பக்கம் வரிசை அப்படித்தான். பூங்கொடியை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிகிறது என்று தெரிந்தும் அறையை விட்டுப் போனது அவர் கண்ணில் பெரிய குற்றம். அவருக்கும் அந்த முட்டைகள்தான் பிழைப்பு, அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆள்தான் தவறு.

பட்டியலை அவர் முன்னால் வைத்து, லைனை வெட்டச் சொன்ன கையெழுத்து என்னுடையது என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "ஓடற லைனுக்கு எப்படிங்க பூஜ்யம் போடுவீங்க?"

விளக்கினேன். இப்போதைய வேகத்தை அளக்கிற அலகு ரொம்பப் பெரிசு, பழைய லைன் ரொம்பச் சின்னது, இதை அதில் எழுதினால் இரண்டு இலக்கத்துக்குள் வராது என்றேன். இதுவரை நான் கொடுத்த விளக்கங்களில் கேட்கிறவர் கவனமாகக் கேட்டது இது ஒன்றுதான்.

"அதாவது, லாரி எடை போடற மேடையில கோழிக்குஞ்ச நிறுத்தியிருக்கீங்க. முள்ளு அசையல. குஞ்சே இல்லீன்னு எழுதிட்டீங்க."

"ஆமாங்க."

"அந்தப் புள்ளைய நான் நேத்து கண்டபடி பேசிப்போட்டனுங்க" என்றார். மோர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நா மட்டும் போனா வரமாட்டா. நீங்களும் வாங்க."

பூங்கொடியின் வீடு அரை கிலோமீட்டர்தான். கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். அவர் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. முட்டை வண்டிகளின் இரும்பு உரித்த கை.

தங்கராசு தப்பு தன்னுடையது என்று சொல்லவில்லை. நாளைக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னார். மீதியை என்னைச் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார். சொன்னேன். பூஜ்யம், கையெழுத்து, டீ எல்லாவற்றையும்.

பூங்கொடி கேட்டுக்கொண்டார். அவருக்குப் பூஜ்யத்தில் அக்கறை இருக்கவில்லை.

"செக் பண்றேன்னு சொன்னீங்களே, அது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சுத்தானுங்க நா குஞ்சு பிரிக்கப் போனேன். தெரியலீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ரூமுக்குள்ளயே சேரப் போட்டு ஒக்காந்திருப்பனுங்க."

எனக்குத் துணுக்கு எதுவும் வரவில்லை.

"வாரனுங்க" என்றார், முதலாளியைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அடுத்த தடவ வெளக்கு செவப்பானா நா ஆருக்குங்க போன் பண்றது? அந்த ஆபீஸ் நம்பருக்கேவா?"

என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். துணி சுற்றிய கையால் செல்லில் தட்டமுடியாமல், கைக்கு உதவியாக அன்று பள்ளிக்குப் போகாமல் இருந்த பெரிய மகளைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு மெமோ வந்தது, நியாயமான மெமோ. மென்பொருளில் வேகக் கட்டத்துக்கு இப்போது ஆறு இலக்கம் உண்டு, பக்கத்தில் 'இந்த லைன் என்ன செய்கிறது' என்று இன்னொரு கட்டமும் உண்டு. பிரியா தலைமை அலுவலகத்தோடு நான்கு மாதம் மல்லுக்கட்டி வாங்கியது. அதை நிரப்பச் சலித்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் சலித்துக்கொண்டிருப்பேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கணக்குப் போடும்போது ஏதாவது ஒரு வரி உங்களைச் சிரிக்கவைத்தால், சிரித்துவிட்டு அந்த வரியிலேயே நில்லுங்கள்.

ஓய்வு பெறும்போது எனக்கு வேறு நம்பர் வாங்கிக்கொண்டேன். பழைய சிம், என் பழைய மூன்றாவது மேஜையின் மேல் சார்ஜரில் கிடக்கும் அந்தப் பட்டன் போனில் இருக்கிறது. யாருடையது என்று தெரியாமல் இரண்டு முறை அதைச் சுவிட்ச் ஆஃப் செய்திருக்கிறீர்கள். அது அடித்தால் எடுங்கள், பூங்கொடியாகத்தான் இருக்கும். சாப்பிட்டாச்சுங்களா என்று முதலில் கேட்பார், அப்புறம்தான் விளக்கைப் பற்றிச் சொல்வார். என்ன கோளாறு என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அவர் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே சிக்னல் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பப் போவார். நீங்கள் சரியாகிவிட்டது என்று சொல்லும்வரை வீட்டுக்குப் போகமாட்டார்.